பிழை எண் 212

மொத்தமே நான்கு பச்சைதான்.
வெளிறிய பச்சையில் வானம், அடர்பச்சையில் ஆறு.
இடைப்பட்ட இரண்டில்
ஒன்று பேய்களுக்கு, ஒன்று எனக்கு.
உள்ளங்கைக்குள் அடங்கும் சாதனம்.
திசைக்கு ஒரு சிலுவை, சுட ஒரு பொத்தான்,
இன்னும் பலமாகச் சுட இன்னொன்று.

கம்மனஹள்ளியில், பேக்கரிக்கு மேல்மாடியில்,
பன் வேகும் வாசனையில் உட்கார்ந்து
மாதச் சம்பளத்துக்கு
ஜப்பானியப் பேய்களைக் கொல்கிறேன்.
ஒற்றைக்கால் குடை. நாக்கைத் தொங்கவிட்ட காகித விளக்கு.
கழுத்து நீண்டு நீண்டு
திரையைவிட்டே வெளியேறும் பெண்
(போன தலை திரும்பாவிட்டால், பிழை எண் 87).
நூறு வருஷம் புழங்கிய பொருளுக்கு
உயிர் வந்துவிடுமாம் அந்தக் கதைகளில்.
என் கட்டைவிரல் தேய்த்த பொத்தானுக்கு
இன்னும் தொண்ணூற்றொன்பது பாக்கி.

நான்காம் கட்டத்தில் கப்பா வரும்.
ஆமை ஓடு, தவளைக் கால்,
உச்சந்தலையில் ஒரு குழி, குழி நிறையத் தண்ணீர்.
தண்ணீர் இருக்கும்வரைதான் அதற்குப் பலம்.
நாற்பது முறை சுட்டால் சாகும்.
வெள்ளரிக்காய் பிடிக்கும் என்று
வடிவமைப்புக் குறிப்பில் ஒரு வரி,
ஆட்டத்தில் எங்கேயும் வெள்ளரிக்காய் இல்லை.

வெள்ளிக்கிழமை, மழை.
500டி-யில் ஜன்னலோர இருக்கை.
மாரத்தஹள்ளி தாண்டி பஸ் நின்றது நின்றதுதான்.
பெல்லந்தூர்ப் பக்கமிருந்து காற்றில் வந்த ஏரி நுரை
கண்ணாடியில் ஒட்டி, யோசித்து, வழிந்தது.
கப்பா எதிரே நிற்க
நான் தூங்கிப்போனேன்.
விரல் நழுவி, சிலுவையின் கீழ்க்கையில் கிடந்திருக்கிறது.

விழித்தபோது
என் நரிமுகமூடிச் சிறுமி குனிந்திருந்தாள்.
எதிரே அதுவும் குனிந்தது.
ஓடு தெரிய, முழுசாக, அவசரமில்லாமல்.
எட்டுப் புள்ளித் தண்ணீர்,
எட்டும் ஆற்றில் விழுந்தன.
பிறகு அது ஒன்றும் செய்யவில்லை. ஓரமாக நகர்ந்தது.
மதிப்பெண்: பூஜ்யம்.
கட்டம் முடிந்தது என்றது திரை.

சில்க் போர்டு வருவதற்குள் ஏழு முறை பார்த்துவிட்டேன்.
ஐந்து எண்ணும்வரை குனிய வேண்டும்.
நாலில் நிமிர்ந்தால் அடிக்கிறது.

திங்கட்கிழமை ஸ்ரீவத்ஸா சிரிக்கவில்லை.
"சுடாமலே ஜெயிக்கலாம்னா
சுடற ஆட்டத்தை எவன் வாங்குவான்?
யார் எழுதினது இது?"
நிரல்வரியின் ஓரத்தில் ரெ.ஜோ. என்று இருந்தது.
ரெஜினால்ட். பிப்ரவரியில் போய்விட்டான்.
கூட்டங்களில் ஒரு வார்த்தை பேசியதில்லை.
உள்ளே வரும்போதும் போகும்போதும்
காவலாளி பசவண்ணாவுக்குத் தலையைச் சாய்ப்பான்,
அவர் போனில் இருந்தாலும்.
வழியனுப்பக் கேக் வெட்டினார்களா என்று
எனக்கு ஞாபகமில்லை.
கீழேதான் பேக்கரி.

"மறுபடி நிகழ்த்திக் காட்டு, எடுத்துரலாம்."
நாற்காலிகள் என்னைச் சுற்றி நெருங்கின.
காட்டினேன்.
ஐந்து எண்ண வேண்டிய இடத்தில்
இரண்டுக்கு மேல் எண்ணவில்லை நான்,
பிறகு நாற்பது முறை சுட்டேன்.
பதினோரு தடவை, பதினோரு கப்பா.
அதன் சாவு ஒலி தொண்டை கனைப்பது போலிருக்கும்,
பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் கனைப்பது போல.
பதினோராவதில் ஸ்ரீவத்ஸா எழுந்து டீக்குப் போனான்.

பிழை எண் 212.
நிலை: மறுபடி நிகழவில்லை.
மூடப்பட்டது.

பொய் சொல்லிச் சம்பளம் வாங்கிய அந்த மாதம்
இப்பலூர் நிறுத்தத்தில் ஒருத்தர்
வெள்ளரிக்காயை நாலாகக் கீறி
மிளகாய்ப்பொடி தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.
ஜன்னல் வழியாகப் பத்து ரூபாய் நீட்டினேன்.
மீதி தேடிக் குனிந்தவரின்
உச்சந்தலை வழுக்கையில் மழைத்தண்ணீர்.
வேண்டாம் என்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.
எண்ணிக்கொண்டிருந்தேன்போல.
மூன்றில் விட்டுப்போனது.